சார்ஜருக்குப் போதும் என்று யார் சொல்வது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு பற்றியெல்லாம் பேச என்னைவிட அனுபவம் உள்ளவங்க இங்கே நிறையப் பேர் இருக்காங்க. நான் பேச எடுத்துக்கிட்டது சார்ஜர். சிரிக்காதீங்க. ஒவ்வொருத்தரும் உங்க வீட்டை மனசுக்குள்ள ஒரு சுற்று சுற்றிப் பாருங்க. செல்போன், எமர்ஜென்சி லைட், டார்ச், சில வீட்டில் இன்வெர்ட்டர், பிள்ளைகளோட விளையாட்டுச் சாமான், மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர், இப்போ மின் ஸ்கூட்டர். ராத்திரி ஆனா ஒரு வீட்டில் மூணு நாலு சார்ஜர் வேலை செய்யுது. நாம தூங்குறோம், அது தூங்குறதில்லை. அப்போ பேட்டரி நிறைஞ்சிடுச்சு, போதும் நிறுத்து என்று அதுக்கு யார் சொல்றது? இதைத் தெரிஞ்சுக்கிட்டா காசும் மிச்சம், வீட்டுக்கும் பாதுகாப்பு.

சார்ஜருக்கு உள்ள நான்கு புலன்கள்

அடுப்படியில் நாம எப்படிப் பதம் பார்க்கிறோம்? பால் பொங்கி மேலே வரும், இறக்கிடுவோம். சோற்றுக்கு ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்போம். இட்லியில் விரலை நனைச்சுத் தொட்டுப் பார்ப்போம். குக்கருக்கு விசில் எண்ணுவோம். பாலுக்குப் பார்க்கிற பதத்தை இட்லிக்குப் பார்க்க முடியாது. பேட்டரியும் அப்படித்தாங்க. எல்லாம் பேட்டரி என்று ஒரே பெயரில் இருந்தாலும் உள்ளே இருக்கிற சரக்கு வேறு. நிறைந்ததுக்கான அடையாளமும் வேறு.

சார்ஜரால் பேட்டரியைத் திறந்து பார்க்க முடியாது. அது வெளியிலிருந்து அளக்கக்கூடியது நாலே நாலுதான். முதலாவது வோல்ட். தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு உயரம் ஏறியிருக்கு என்பது மாதிரி. இரண்டாவது ஆம்பியர். குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமா ஓடுது என்பது மாதிரி. மூன்றாவது சூடு. நான்காவது நேரம். இந்த நாலில் எதை நம்பி நிறுத்தணும் என்பது பேட்டரியின் வகையைப் பொறுத்தது.

அது ஏன் என்று புரிஞ்சுக்க ஒரு கேள்வி போதும். குடம் நிறைஞ்ச பிறகும் குழாயை மூடலைன்னா தண்ணீர் வழிந்து தரையில் ஓடும். பேட்டரி நிறைஞ்ச பிறகும் கரண்ட் உள்ளே போனா, அந்த மிச்சம் எங்கே போகும்? ஈய பேட்டரியில் ஒரு வழியாகப் போகும். நிக்கல் கட்டையில் வேறு வழியாகப் போகும். லித்தியத்தில் போக நல்ல வழியே கிடையாது. நான் இன்னைக்குச் சொல்ல வந்தது முழுசும் இந்த மூணு வரிக்குள்ளதான் இருக்கு.

ஈய பேட்டரி

இதுதான் மூத்தது. 1859-ல் பிரான்ஸ் நாட்டில் கஸ்தோன் பிளாந்தே என்பவர் செய்தது. பஸ், டிராக்டர், இன்வெர்ட்டரில் இருக்கும் கனமான பேட்டரி எல்லாம் இந்த வம்சம். எமர்ஜென்சி லைட்டிலும் பழைய ஸ்பிரேயரிலும் இருக்கிற மூடிய சின்ன பேட்டரியும் இதுதான். உள்ளே ஈயத் தகடும் ஆசிட்டும். ஒரு அறைக்கு 2 வோல்ட். ஆறு அறை சேர்ந்தால் 12 வோல்ட்.

12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், இதை நிரப்ப சார்ஜர் 14.4 வோல்ட் வரைக்கும் தள்ளணும். அறைக்கு 2.4 வீதம் ஆறு அறைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, சரியா வரும். முதலில் கரண்ட் வேகமா ஏறும். வோல்ட் 14.4-ஐத் தொட்டதும் சார்ஜர் அந்த உயரத்தை அப்படியே பிடிச்சுக்கும். அப்புறம் பேட்டரி குடிக்கிற கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பசி அடங்கின பிள்ளை சாப்பாட்டை மெதுவா மெல்லுற மாதிரி. கரண்ட் நல்லாக் குறைஞ்சதும் நல்ல சார்ஜர் வோல்ட்டை 13.5-க்கும் 13.8-க்கும் நடுவில் இறக்கி வைத்துக்கொள்ளும். அந்த அளவில் நாள்கணக்கில் மாட்டியிருந்தாலும் பேட்டரிக்குக் கெடுதல் இல்லை. இன்வெர்ட்டர் வருஷம் முழுக்க மாட்டியே இருப்பது இதனால்தான்.

சரி, மிச்சம் எங்கே போகுது? ஆசிட்டில் இருக்கிற தண்ணீரைப் பிரிச்சு வாயுவாக்கிடும். ஒன்று ஹைட்ரஜன், மற்றொன்று ஆக்சிஜன். இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் குறையுறதுக்குக் காரணம் அதுதான். அதுக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்றணும். போர் தண்ணீரில் உப்பு இருக்கு, அது தகட்டைக் கெடுத்துடும். ஹைட்ரஜன் தீப்பிடிக்கிற வாயு. அதனால் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிற மூலையில் சாமி விளக்கு, ஊதுபத்தி வேண்டாம். காற்றோட்டம் இருக்கணும்.

ஈய பேட்டரிக்கு இன்னொரு குணம். பட்டினி ஆகவே ஆகாது. தீர்ந்த நிலையில் அப்படியே போட்டுவெச்சா தகட்டில் வெள்ளை உப்பு மாதிரி படிஞ்சு இறுகிடும். அப்புறம் எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் உள்ளே ஏறாது. சீசன் முடிஞ்சு ஸ்பிரேயரைப் பரண்மேல் வைக்கும் முன் முழுசா சார்ஜ் போட்டு வைக்கணும். மாசம் ஒரு தடவை எடுத்து மறுபடி போடணும்.

விலை மலிவான டார்ச்சுகளில் பின்பக்கம் ரெண்டு கம்பி வெளியே வரும், அதை அப்படியே பிளக் பாயிண்டில் செருகுவோம். அதில் பலவற்றுக்குள் நிறுத்துகிற ஏற்பாடே கிடையாது. அட்டைப் பெட்டியில் எத்தனை மணி நேரம் போடணும் என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். அங்கே நிறுத்த வேண்டியவர் நாம்தான். சாயந்திரம் செருகிட்டு மறந்துபோனா விடிய விடிய உள்ளே தண்ணீர் வற்றும், பேட்டரி உப்பிடும். சார்ஜ் ஏறும்போது அந்த டார்ச்சைத் திறந்து பார்க்கவும் கூடாது. வீட்டுக் கரண்ட் நேரடியா உள்ளே இருக்கும்.

நிக்கல் கட்டை

பென்சில் கட்டை என்று கடையில் வாங்குறோமே, அந்த அளவிலேயே திரும்பத் திரும்பச் சார்ஜ் போடுற கட்டையும் இருக்கு. 1899-ல் ஸ்வீடன் நாட்டுக்காரர் வால்டமர் யுங்னர் செய்த நிக்கல் காட்மியம் பேட்டரி முன்னோடி. இப்போ கடையில் கிடைப்பது பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. மேலே 1.2 வோல்ட் என்று போட்டிருக்கும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்க்கும் சகோதரிகள் நம் குழுக்களில் இருக்காங்க. பிரஷர் மெஷினுக்கு அடிக்கடி கட்டை மாற்றிக் கட்டுப்படியாகாதவங்க இந்த வகை வாங்கலாம். ஆனால் மெஷின் அதை ஏற்றுக்கொள்ளுமா என்று அதோடு வந்த காகிதத்தைப் பார்த்துட்டு வாங்குங்க.

இதில் வேடிக்கை என்னன்னா, நிறைந்தவுடன் வோல்ட் ஏறாது, இறங்கும். மிச்சக் கரண்ட் உள்ளே ஆக்சிஜனை உண்டாக்குது. அது மூடிய கட்டைக்குள்ளேயே மறுபடி சேர்ந்துடுது. சேரும்போது சூடு வருது. சூடு ஏறினதும் வோல்ட் ஒரு துளி இறங்கும். எவ்வளவு துளி தெரியுமா? ஒரு வோல்ட்டை நூறு பங்கு போட்டால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. நல்ல சார்ஜர் அந்தத் துளி இறக்கத்தைக் கண்டுபிடிச்சு நிறுத்தும். கட்டை சட்டென்று சூடாவதையும் தொட்டுப் பார்த்து நிறுத்தும். இது ரெண்டும் தப்பினாலும் இருக்கட்டும் என்று கடிகாரம் வைத்து ஒரு நேரத்தில் வெட்டிவிடும்.

மலிவான சார்ஜருக்கு இந்தக் கூர்மை கிடையாது. அது மெதுவாக, பத்தில் ஒரு பங்கு வேகத்தில் 14 முதல் 16 மணி நேரம் ஏற்றும். அவ்வளவு மெதுவா ஏற்றும்போது அந்தத் துளி இறக்கம் தெரியவும் தெரியாது. நாம்தான் நேரம் பார்த்து எடுக்கணும்.

இங்கே ரெண்டு விஷயம் நினைவில் வையுங்க. ஒன்று, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற சாதாரணக் கட்டையை இந்தச் சார்ஜரில் வைக்கக் கூடாது. ஒழுகும், சமயத்தில் வெடிக்கும். இரண்டு, புதுக் கட்டையையும் பழைய கட்டையையும் ஜோடி சேர்க்கக் கூடாது. சின்ன சார்ஜர்கள் ரெண்டு கட்டையையும் சேர்த்துத்தான் ஏற்றும். ஒன்று நிறைஞ்சு சுடும்போது மற்றொன்று இன்னும் பசியோடு இருக்கும்.

லித்தியம்

இப்போ நம்மைச் சுற்றி அதிகமா இருப்பது இதுதான். 1991-ல் சோனி கம்பெனி முதன்முதலாக லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழி வகுத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. எடை குறைவு, பலம் அதிகம். அதனால்தான் செல்போன் கையில் அடங்குது.

செல்போனில் இருக்கிற வகையில் ஒரு செல்லுக்கு முழு அளவு பொதுவாக 4.2 வோல்ட். அதுக்கு மேல் போகக் கூடாது. இதிலும் முதலில் வேகமா ஏற்றி, 4.2 வந்ததும் அந்த உயரத்தைப் பிடிச்சுக்கிட்டு, கரண்ட் குறையுறதைக் கவனிக்கணும். ஆரம்பத்தில் ஓடினதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ வந்ததும் சார்ஜர் முழுசா வெட்டிடணும். ஈய பேட்டரிக்குப் பண்ணுற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா ஊட்டிக்கிட்டே இருக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? இதில் மிச்சம் போக வழி இல்லை. ஈயத்தில் மிச்சம் தண்ணீரைப் பிரிச்சது. நிக்கலில் சூடாகி அடங்கிச்சு. லித்தியத்தின் உள்ளே இருக்கும் திரவம் தண்ணீர் கிடையாது, தீப்பிடிக்கிற திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்க் கரியின் இடுக்குகளில் உட்காருது. பஸ்ஸில் சீட் பிடிப்பது மாதிரி. சீட் எல்லாம் நிறைஞ்ச பிறகும் ஆளை ஏற்றினா படியில் தொங்குவாங்க இல்லையா? அப்படி இடம் கிடைக்காத லித்தியம் உலோகமாகவே மேலே படியும். மறுபக்கத்துச் சரக்கும் நிலைகுலையும். சூடு ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சூடே அடுத்த சூட்டைக் கிளப்பும். அப்புறம் சார்ஜரைப் பிடுங்கினாலும் நிற்காது.

செல்போன் விஷயத்தில் பயப்பட வேண்டாம். நாம சார்ஜர் என்று சொல்லும் அந்த வெள்ளைக் கட்டை உண்மையில் அடாப்டர்தான். வீட்டுக் கரண்டை 5 வோல்ட்டாகக் குறைச்சுக் கொடுக்கும். போன் கேட்டால்தான் கூட்டிக் கொடுக்கும். எப்போ நிறுத்தணும் என்று முடிவு எடுக்கிற மூளை போனுக்குள்ளேயே இருக்கு. அதனால் பி.ஐ.எஸ். பதிவு முத்திரை உள்ள நல்ல அடாப்டர் எதுவாக இருந்தாலும் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ராத்திரி முழுக்க மாட்டியிருந்தாலும் நூறு வந்ததும் அதுவே நிறுத்திக்கும். கெடுப்பது சூடுதான். தலையணைக்கு அடியிலும் போர்வைக்குள்ளும் வெச்சுச் சார்ஜ் போடாதீங்க.

ஆனால் ஸ்பிரேயரிலும் பல மின் ஸ்கூட்டரிலும் அப்படி இல்லை. அங்கே எவ்வளவு உயரம் வரை ஏற்றணும் என்ற முடிவு வெளியில் இருக்கிற சார்ஜர் கையில்தான். போனில் எந்தச் சார்ஜரையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பழகின கை, ஸ்பிரேயருக்கும் அப்படியே போடுது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்குது.

ஒரே பின், வேறே சார்ஜர்

எங்க குழுவில் ரெண்டு பேட்டரி ஸ்பிரேயர் வாடகைக்கு விடுறோம். ஒன்று பழையது, உள்ளே ஈய பேட்டரி. மற்றொன்று புதுசு, லித்தியம். ரெண்டு மேலேயும் 12 வோல்ட் என்றுதான் இருக்கு. ரெண்டு சார்ஜரும் கறுப்பு, ஒரே அளவு. வட்டப் பின்னும் ஒன்றுபோலவே பொருந்தும். மிளகாய்த் தோட்டத்துக்கு ஒரே வீட்டில் ரெண்டையும் எடுத்துட்டுப் போனாங்க. திரும்பி வரும்போது சார்ஜர் இடம் மாறிப் பையில் வந்திருக்கு. பார்த்தா யாருக்கும் தெரியாது.

ரெண்டு மாசத்தில் பழைய மெஷின் நாலாவது டேங்கிலேயே சோர்ந்துபோக ஆரம்பிச்சது. கடையில் காட்டினோம். பேட்டரி செத்துப்போச்சு, புதுசு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். தீர்மானம் எழுதிப் பணம் எடுக்கும் முன், ஐ.டி.ஐ. முடித்த நம் உறுப்பினர் மகன் ஒருத்தர் மீட்டர் வெச்சுச் சார்ஜரை அளந்தார். பழைய மெஷினோட வந்த சார்ஜரில் 12.6 வோல்ட். புது மெஷினோட சார்ஜரில் 14.4. அவர் ஒரு பழைய நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை உங்களுக்கும் சொல்றேன், பெருக்கல் வகுத்தல்தான்.

புது மெஷினில் லித்தியம் செல் மூணு வரிசை. 4.2 வீதம் மூணுக்கு 12.6. அதுதான் அதோட நிறைவு. அதில் 14.4 வோல்ட் சார்ஜரை மாட்டினா ஒரு செல்லுக்கு 4.8 வருது. 4.2-ல் நிற்க வேண்டியது 4.8. பழைய மெஷினில் ஈய அறை ஆறு. அதுக்கு 14.4 வேணும். கிடைச்சது 12.6. அறைக்கு 2.1 தான் வருது. ரெண்டு மாசமா அந்த பேட்டரி அரை வயிறு சாப்பாட்டில் கிடந்திருக்கு, தகட்டில் உப்பு படிஞ்சிருக்கு.

சரியான சார்ஜர் போட்டதும் பழைய மெஷின் பாதிக்கு மேல் தேறிடுச்சு. ஆனால் பழைய பலம் வரலை. புது மெஷினில் உள்ளே பி.எம்.எஸ். என்று ஒரு காவல் அட்டை இருக்கு. அளவு மீறினா வெட்டிவிடும். ஒவ்வொரு தடவையும் அது வெட்டினதால் தப்பிச்சோம். அதை நம்பி இருக்கலாமே என்று கேட்பீங்க. குக்கரில் விசிலும் இருக்கு, சேஃப்டி வால்வும் இருக்கு. தினமும் விசிலை எண்ணித்தானே இறக்குறோம்? வால்வு வெடிக்கட்டும், அப்புறம் இறக்கிக்கலாம் என்று யாராவது சமைப்போமா? காவல் அட்டை வால்வு மாதிரி. அது இல்லாத மலிவு பேட்டரிகளும் சந்தையில் வருது.

பச்சை விளக்கு சொல்வது என்ன?

ரெண்டு மாசமும் ஏன் யாரும் கண்டுபிடிக்கலை? பச்சை விளக்கு எரிஞ்சுதே! சார்ஜரில் சிவப்பு போய்ப் பச்சை வந்தா பேட்டரி நிறைஞ்சிடுச்சு என்று நாம நம்புறோம். பச்சைக்கு உண்மையான அர்த்தம் வேறு. பேட்டரி இப்போ கரண்ட் அதிகம் குடிக்கலை என்பது மட்டும்தான் அதுக்குத் தெரியும். வயிறு நிறைஞ்ச பிள்ளையும் சாப்பாட்டைத் தள்ளும், காய்ச்சல் பிள்ளையும் தள்ளும். சார்ஜருக்கு ரெண்டும் ஒன்றுதான். உப்பு படிஞ்ச ஈய பேட்டரி அரை மணி நேரத்தில் பச்சை காட்டும். பேட்டரியை மாட்டாமல் சார்ஜரை மட்டும் பிளக்கில் செருகிப் பாருங்க, அப்போதும் பெரும்பாலும் பச்சைதான்.

அதனால் பச்சை வந்த நேரத்தைக் கவனியுங்க. வழக்கமா ஐந்து மணி நேரம் பிடிக்கிற பேட்டரி முக்கால் மணியில் பச்சை காட்டினா, சீக்கிரம் நிறைஞ்சிடுச்சு என்று சந்தோஷப்படாதீங்க. அது நோய்க்கு அறிகுறி. பச்சையே வராமல் மணிக்கணக்கில் சிவப்பிலேயே இருந்து, தொட்டால் சுட்டாலும் கோளாறுதான். உடனே பிடுங்கி வெளியே வையுங்க.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு

மின் ஸ்கூட்டரிலும் இதே கதைதான், ஆனால் பெரிய அளவில். 48 வோல்ட் வண்டியில் ஈய பேட்டரி நாலு இருந்தால் சார்ஜர் சுமார் 58 அல்லது 59 வோல்ட் வரை தள்ளும். அதே 48 வோல்ட் என்ற பெயரில் லித்தியம் செல் 13 வரிசை இருந்தால் அதுக்கு எல்லை 54.6. பழைய ஈய பேட்டரியைக் கழற்றிட்டு லித்தியம் மாட்டித் தர்றேன், எடை குறையும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வாங்க. மாற்றலாம், தப்பில்லை. ஆனால் பேட்டரி மாறினா சார்ஜரும் மாறணும். பழைய சார்ஜர் நல்லாத்தானே இருக்கு என்று மிச்சம் பிடிக்கக் கூடாது.

2022-ஆம் வருஷம் மார்ச் மாதம் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் ராத்திரியில் தீப்பிடிச்சு, புகையில் ஒரு அப்பாவும் மகளும் இறந்த செய்தியை நாம எல்லாரும் பார்த்தோம். அந்த வருஷம் நாட்டில் பல இடங்களில் ஸ்கூட்டர் எரிந்தது. அதுக்குப் பிறகு வண்டி பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. விதி இருந்தாலும் நம்ம வீட்டு வாசலில் நாமதான் காவல். வெளியே போகிற வழியை மறைச்சு வண்டியை நிறுத்திச் சார்ஜ் போடாதீங்க. படுக்கிற அறையில் வேண்டவே வேண்டாம். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு உடனே மாட்டாதீங்க. புகை கிளம்பினா அணைக்கப் போய் நிற்காமல் பிள்ளைகளோடு முதலில் வெளியேறுங்க. அந்தப் புகை விஷம். தீயணைப்புக்கு 101, இல்லைன்னா 112.

நாம செய்யக்கூடியவை

1. புதுச் சாமான் வாங்கின அன்றே சார்ஜருக்கும் மெஷினுக்கும் ஒரே நிறத் துணி நாடா கட்டுங்க. ஈயத்துக்கு நீலம், லித்தியத்துக்குச் சிவப்பு என்று நம் கூட்டமைப்பு முழுக்க ஒரே முறை வைத்துக்கொண்டால் எந்தக் குழு மெஷினை யார் எடுத்தாலும் குழம்பாது.

2. சார்ஜரின் அடியில் அவுட்புட் என்ற வரியைப் படியுங்க. 12.6 என்றால் லித்தியம். 14.6 என்றிருந்து பேட்டரியில் 12.8 என்றிருந்தால் அது லித்தியத்திலேயே இரும்பு பாஸ்பேட் வகை, செல்லுக்கு எல்லை 3.65. அதுக்கு அதன் சார்ஜர்தான். 14.4 பக்கம் இருந்தாலோ, வெறும் 12 என்று இருந்தாலோ ஈயமாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் மீட்டர் வைத்திருக்கிறவரிடம் அளந்து பார்த்து நாடாவில் எழுதிடுங்க.

3. பின் பொருந்துது என்பதால் மாட்டக் கூடாது. சார்ஜர் தொலைஞ்சா அதே வோல்ட், அதே வகை என்று கேட்டு வாங்குங்க.

4. வாடகைப் பதிவேட்டில் மெஷின் எண்ணோடு சார்ஜர் எண்ணுக்கும் ஒரு கட்டம் போடுங்க. திரும்பி வரும்போது ரெண்டையும் சரிபார்த்த பிறகே கையெழுத்து.

5. சீசன் முடிஞ்சு வைக்கும்போது ஈயத்தை வயிறு நிறைய வையுங்க, லித்தியத்தை அரை வயிறாக வையுங்க.

6. உப்பின பேட்டரியைக் குத்தாதீங்க, குப்பையில் போடாதீங்க, எரிக்காதீங்க. ஈய பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் விலை கிடைக்கும். மற்றவற்றையும் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு விதி சொல்லுது. விற்ற கடையில் கேளுங்க.

இதில் முதல் யோசனையையும் நாலாவது யோசனையையும் நம் கூட்டமைப்பின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன். நாடா வாங்க ஒரு குழுவுக்கு இருபது ரூபாய் கூட ஆகாது.

நம்ம குழுவில் ஒரு மெஷின் வாங்க எத்தனை வாரச் சந்தா, எத்தனை பேர் கையெழுத்து என்பது நமக்குத்தான் தெரியும். வாங்குறதுக்குப் படுற பாட்டில் கால் பங்கு அதைக் காப்பாற்றுவதற்குப் பட்டால் போதும். சார்ஜர் கெட்டிக்காரப் பொருள்தான். ஆனால் அதுக்குத் தெரிந்தது தன் பேட்டரியின் பதம் மட்டும். சரியான சார்ஜரைச் சரியான பேட்டரியோடு சேர்த்துவைப்பது நம்ம கையில் இருக்கு.